அறிதலும் தெரிதலும் இயலுதலும்: ஸ்பானிய மொழியின் அறிவு, திறன் குறித்த சொற்களும் தமிழாக்கமும்

முன்னுரை

ஒரு மொழியில் அறிவைக் குறிக்க எத்தனை சொற்கள் உள்ளன என்பதைக் காட்டிலும், அம்மொழி அறிவை எந்த இடத்தில் பகுத்துக் காண்கிறது என்பதே மொழிபெயர்ப்பாளர் முதலில் உணரவேண்டுவதாகும். சொற்களின் எண்ணிக்கையை அகராதி காட்டும். பகுப்பின் எல்லையை வழக்கும் இலக்கியமுமே காட்டும். ஸ்பானிய மொழி இவ்வகையில் ஆராயத்தக்கது. சுமார் இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் அம்மொழியிலிருந்து தமிழுக்கு வந்துள்ள கதைகளும் கவிதைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளன. இவ்வழியில் ஸ்பானியம் பகுத்துவைத்த சில பொருள்கள் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவ்வாறு கலந்த பொருளையே தமிழும் பெற்றுக்கொள்கிறது.

இதில் வருந்தத்தக்க கூறு ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் மறைந்துபோகும் வேறுபாடுகளுள் பல தமிழில் இயல்பாகவே உள்ளவை. ஸ்பானியமும் தமிழும் தொடர்பின்றியே ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்க, இடையிலுள்ள மொழி அக்கோட்டை அழித்துவிடுகிறது. அறிவு, திறன் ஆகியவற்றைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்களைத் தெரிந்தெடுப்பதில் தமிழ் தன் சொந்த இலக்கண வளத்தையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. ஸ்பானியச் சொற்கள் இங்கு இலத்தீன் அமெரிக்க ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

இரு வினைகள்: ஸபேர், கொனோஸேர்

அறிதலைக் குறிக்க ஸ்பானியத்தில் இரு வினைகள் உள்ளன. ஒன்று ஸபேர், மற்றொன்று கொனோஸேர். செய்தியை அறிதல், ஒன்றைச் செய்யக் கற்றிருத்தல் ஆகியவற்றுக்கு ஸபேர் வரும். ஆளையோ ஊரையோ நூலையோ நேரில் பழகி அறிதலுக்குக் கொனோஸேர் வரும். ஒருவருடைய முகவரியை அறிந்திருப்பது ஸபேர். அவரையே அறிந்திருப்பது கொனோஸேர். மாத்ரித் ஸ்பெயினின் தலைநகரம் என்பதை அறிவது ஸபேர்; மாத்ரித் நகரத் தெருக்களில் நடந்து அந்நகரை அறிவது கொனோஸேர். ஆகவே ஒருவர் மாத்ரிதைக் 'கொனோஸேர்' செய்ததில்லை என்றால், அவர் அவ்வூருக்குச் சென்றதில்லை என்பதே பொருள். 'அவருக்கு மாத்ரித் தெரியாது' என மொழிபெயர்த்தால், அந்நகரின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை என்னும் தவறான பொருளுக்கு இடமுண்டாகும்.

தமிழில் 'தெரியும்' என்னும் சொல் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பது போலத் தோன்றும். எனினும் வினையில் காட்டாத வேறுபாட்டைத் தமிழ் வேற்றுமையில் காட்டுகிறது. 'அது தெரியும்' என்பதற்கும் 'அவரைத் தெரியும்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இரண்டாம் வேற்றுமை உருபில் உள்ளது. உயர்திணைப் பெயரில் இவ்வுருபு மறையாது வரும் என்பதைத் தொல்காப்பியத் தொகைமரபே குறிக்கிறது. ஸ்பானியத்திலும் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வரும்போது 'ஆ' என்னும் முன்னொட்டு இடைச்சொல் கட்டாயமாக வரும். உயிரற்ற பொருளுக்கு அது பொதுவாக வருவதில்லை. குடும்பத் தொடர்பற்ற இரு மொழிகள் மனிதரை அறிதலைப் பொருளை அறிதலிலிருந்து இலக்கணத்தால் பிரித்துக் காட்டுவது கருதத்தக்கது. இவற்றோடு 'பழக்கம்', 'அறிமுகம்' என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. 'அவர் இவருக்குப் பழக்கம்' என்னும் தொடர் கொனோஸேர் என்பதன் உட்பொருளை முழுமையாகத் தாங்கும்.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (1967) நாவலின் தொடக்க வாக்கியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தந்தை மகனைப் பனிக்கட்டியைக் காண அழைத்துச் சென்ற பிற்பகலை அவ்வாக்கியம் நினைவுகூர்கிறது. அங்கு ஆசிரியர் ஆண்ட வினை கொனோஸேர். வெப்ப நாட்டுச் சிறுவன் பனிக்கட்டியோடு அறிமுகமாகிறான். ஒரு மனிதரைச் சந்திப்பது போல அதனைச் சந்திக்கிறான். 1970இல் ஆங்கிலத்தில் பெயர்த்த கிரிகோரி ரபாஸா 'கண்டுபிடித்தல்' என்னும் பொருளுடைய வினையைத் தேர்ந்தார். ஆங்கிலத்தின் பொது வினை அங்குப் பொருந்தாது என்பதால் அவர் கொண்ட தேர்வு அது. ஆங்கில வாசகருக்கு அது நிறைவளிக்கவும் செய்தது. ஆனால் ஆங்கிலத்தை மட்டும் கொண்டு தமிழாக்குவோர் அவ்வினையை அப்படியே ஏற்றால், சிறுவன் ஓர் ஆராய்ச்சியாளன் ஆகிவிடுவான். பனிக்கட்டி வெறும் பொருளாகிவிடும். தமிழுக்கு அந்நெருக்கடி இல்லை. 'அறிமுகம்' என்னும் சொல்லில் முகம் உள்ளது. பொருளுக்கு முகம் கொடுக்கும் அக்குறிப்பே மூலத்தின் குறிப்பும் ஆகும்.

தெரியாமையும் முடியாமையும்

திறனைக் குறிப்பதில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. ஸ்பானியத்தில் கற்றுப்பெற்ற திறனுக்கு ஸபேர் என்னும் வினையே நேரடியாக மற்றொரு வினையோடு சேர்ந்து வரும். வாய்ப்பும் உடல்வலிமையும் இடந்தருதலைக் குறிக்கப் பொதேர் வரும். 'நோ ஸபே நதார்' என்றால் நீந்தக் கற்றதில்லை என்பது பொருள். 'நோ புவெதே நதார்' என்றால் கை முறிந்தமையாலோ கடல் கொந்தளிப்பதாலோ இப்போது நீந்த இயலவில்லை என்பது பொருள். ஆங்கிலத்தின் அன்றாட வழக்கில் இரண்டுக்கும் ஒரே துணைவினைதான்.

தமிழ் இங்கு ஸ்பானியத்தின் பக்கமே நிற்கிறது. 'நீந்தத் தெரியாது', 'நீந்த முடியாது' என்னும் இரண்டும் தமிழர் எவரும் மயங்காத வேறுபாடுடையவை. இவற்றோடு 'நீச்சல் வராது' என்னும் வழக்கும் உண்டு. கற்க முயன்றும் கைகூடாமையை இது குறிக்கும். 'நீந்த மாட்டான்' என்பது விருப்பமின்மையைக் குறிக்கும். ஸ்பானியம் அதற்குக் கெரேர் என்னும் விருப்ப வினையை ஆளும். கட்டமைப்பிலும் தமிழ் பொருளை உணர்த்துகிறது. 'அவனுக்குத் தெரியும்' என நான்காம் வேற்றுமையும் 'அவனால் முடியும்' என மூன்றாம் வேற்றுமையும் வருகின்றன. அறிவு ஒருவனிடம் வந்து சேர்வதாகவும், ஆற்றல் அவனிடமிருந்து வெளிப்படுவதாகவும் இவ்விரு உருபுகளும் காட்டுகின்றன.

இவ்வேறுபாடு கதையில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதை ஓர் எளிய சூழலால் விளக்கலாம். ஆற்றில் ஒரு குழந்தை மூழ்குகிறது; கரையில் ஒருவர் நிற்கிறார். அவரைப் பற்றி ஸ்பானியக் கதைசொல்லி 'நோ ஸபீயா நதார்' என்கிறார் எனக் கொள்வோம். அவர் நீந்தக் கற்றவர் அல்லர் என்பது செய்தி, அவர்மீது பழியில்லை. ஆங்கிலம் அதனைத் தன் பொதுத் துணைவினையால் பெயர்க்கும். அதிலிருந்து தமிழாக்குவோர் 'அவரால் நீந்த முடியவில்லை' என எழுதினால், நீந்தத் தெரிந்த ஒருவர் அச்சத்தாலோ நோயாலோ தவறினார் என்னும் பொருள் தோன்றும். வாசகர் தேடாத ஒரு காரணத்தைத் தேடத் தொடங்குவார். பாத்திரத்தின் அறநிலையே மாறிவிடும். ஒரு சொல்லின் பிழை ஒரு மனிதரின் மீதான தீர்ப்பாக மாறுவது இவ்வாறுதான்.

எப்போது தெரிந்தது?

ஸ்பானிய வினைகளின் இறந்தகாலம் இருவகைப்படும். ஒன்று முடிந்த நிகழ்ச்சியைக் குறிக்கும். மற்றொன்று தொடர்ந்திருந்த நிலையைக் குறிக்கும். அறிதல் வினைகளில் இவ்விருவகையும் இருவேறு பொருள்களாகவே ஆகின்றன. 'ஸபீயா' என்றால் முன்பே தெரிந்திருந்தது. 'ஸுபோ' என்றால் அப்போது தெரியவந்தது. 'கொனோஸீயா' என்றால் பழக்கமிருந்தது; 'கொனோஸியோ' என்றால் முதன்முறை சந்தித்தார். 'பொதீயா' என்றால் இயலும் நிலையில் இருந்தார். 'புதோ' என்றால் முயன்று செய்துமுடித்தார். ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் இவ்விணைகளைத் தானாகப் பிரித்துக் காட்டுவதில்லை. 'தெரிந்திருந்தது', 'தெரியவந்தது' எனத் துணைவினைகளால் தமிழ் பிரித்துக் காட்டும்.

மார்க்கேஸின் 1981ஆம் ஆண்டு நாவல் ஒன்று முழுவதும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது எனலாம். முன்னறிவிக்கப்பட்ட ஒரு மரணத்தின் வரலாறு என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது அது. சாந்தியாகோ நாஸாரை விகாரியோ இரட்டையர் கொல்லப்போவது ஊராருக்குத் தெரிகிறது. கொல்லப்படுபவருக்கு மட்டும் தெரிவதில்லை. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் கதைசொல்லி ஒவ்வொருவரிடமும் சென்று விசாரிக்கிறார். யாருக்கு முன்பே தெரிந்திருந்தது, யாருக்கு எந்நேரத்தில் தெரியவந்தது, தெரிந்தவர்களுள் யாரால் தடுத்திருக்க முடியும், யார் தடுக்க விரும்பவில்லை என்பனவே அவ்விசாரணையின் பொருள். அறிதல், இயலுதல், விரும்புதல் ஆகிய மூன்று வினைகளின் கால வேறுபாடுகளே ஒரு சமூகத்தின் கூட்டுப்பழியை அளக்கும் கோலாகின்றன. இத்தகைய நாவலில் 'தெரிந்தது' என்னும் ஒரே வடிவத்தை எங்கும் ஆண்டால், முன்னரே அறிந்து வாளாவிருந்தவரும் கடைசிக் கணத்தில் அறிந்து ஓடிவந்தவரும் ஒரே குற்றத்துக்கு உரியவராகிவிடுவர். தமிழில் அவ்விருவரையும் பிரிக்க இடமிருந்தும் பிரிக்காமல் விடுவது மொழிபெயர்ப்பின் குறையே ஆகும்.

இயற்கையும் செயற்கையும்: இன்ஹேனியோ

வினைகளில் தமிழுக்கு உதவியது இலக்கணம் என்றால், பெயர்களில் உதவுவது உரைமரபாகும். இதற்குச் செர்வாந்தேஸின் தொன் கிஹோத்தே தக்க சான்று. 1605ஆம் ஆண்டின் முதற்பகுதியும் 1615ஆம் ஆண்டின் இரண்டாம் பகுதியும் தலைப்பிலேயே நாயகனை 'இன்ஹேனியோஸோ' என அடைகொடுத்துக் குறிக்கின்றன. 1612இல் ஆங்கிலத்தில் முதலில் பெயர்த்த தாமஸ் ஷெல்டன் அவ்வடையைச் சமத்காரமுடையவன் என்னும் பொருள்பட அமைத்தார். பிற்கால ஆங்கிலப் பதிப்புகள் பல, புதுவது புனைவதில் வல்லவன் என்னும் பொருளுடைய இனச்சொல்லைக் கொண்டன. அதன்வழித் தமிழில் 'புத்திசாலி' என்றோ 'கூர்த்த அறிவுடையவன்' என்றோ எழுத நேரும். காற்றாலையை அரக்கனெனக் கண்ட ஒருவனைப் புத்திசாலி என்பது எள்ளல் போலத் தோன்றும். ஆயினும் மூலத்தில் அது எள்ளல் மட்டும் அன்று.

இன்ஹேனியோ என்பது பிறவியோடு வந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1611இல் வெளிவந்த கோவாருபியாஸின் அகராதி அதனை அறிவின் இயற்கையான ஆற்றல் என்றே விளக்குகிறது. அதற்கு முன் 1575இல் ஹுவான் ஹுவார்தே என்னும் மருத்துவர் எழுதிய நூல், எவ்வகை இன்ஹேனியோ உடையவர் எக்கலைக்கு உரியவர் என்பதை உடற்கூறுகளைக் கொண்டு ஆராய்ந்தது. நினைவாற்றல் ஈரத்தாலும், பகுத்தறிவு வறட்சியாலும், கற்பனை வெப்பத்தாலும் மிகும் என்பது அவர் கொள்கை. செர்வாந்தேஸின் நாயகனும் உறக்கமின்றிப் படித்து மூளை வறண்டவனாகவே அறிமுகமாகிறான். இத்தொடர்பை 1905இல் ரஃபாயேல் ஸாலில்யாஸும் 1957இல் ஓட்டிஸ் கிரீனும் ஆராய்ந்துள்ளனர். ஆகவே தலைப்பிலுள்ள அடை நாயகனின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழவில்லை. அவனுடைய பிறவிக் கூற்றைச் சொல்கிறது. அவனுடைய மேன்மைக்கும் பித்துக்கும் அதுவே ஒரே வேர்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'மதிநுட்பம்'. திருக்குறளின் அமைச்சு அதிகாரம் மதிநுட்பத்தையும் நூலையும் இணைத்துப் பேசுகிறது. அவ்விடத்தில் பரிமேலழகர் முன்னதை இயற்கையென்றும் பின்னதைச் செயற்கையென்றும் பகுத்து உரைகாண்பார். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தார் இன்ஹேனியோவையும் ஆர்தேயையும் பகுத்தமைக்கு இப்பகுப்பு மிக நெருக்கமானது. எனினும் மதிநுட்பம் என்னும் சொல்லில் கற்பனையின் வெப்பம் இல்லை. அமைச்சனின் நிதானமே அதில் உள்ளது. எனவே தலைப்பில் மதிநுட்பத்தைக் கொண்டு, நாயகனின் மூளை வறளும் இடத்தில் அச்சொல்லையே மீண்டும் நினைவூட்டுவது ஒரு வழியாகலாம். சொல் ஒன்றால் இயலாததை நூல் முழுவதும் பரவிய சொல்லாட்சியால் ஈடுசெய்வதே இங்கு வேண்டப்படும் முறை. அத்துடன், இன்ஹேனியோ என்பது பொறியையும் குறிக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. கியூபா முதலிய கரீபிய நாடுகளின் கதைகளில் அது கரும்பாலையாகும். அங்கு மதிநுட்பம் எனப் பெயர்ப்பது நகைப்புக்கே இடமாகும்.

ஸாபியோவும் ப்ருதென்ஸியாவும்

ஸபேர் என்னும் வினை சுவைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இன்றும் ஸ்பானியத்தில் 'இக்குழம்பு பூண்டின் சுவையுடையது' என்பதற்கு இவ்வினையே வரும். அதன் வழிவந்த ஸாபியோ என்னும் பெயர் அறிஞரையும் குறிக்கும், ஞானியையும் குறிக்கும். காஸ்தீயா அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ (1221–1284) ஸாபியோ என்னும் அடையோடு வழங்கப்படுகிறார். ஆங்கிலத்தில் அவரை ஞானமுடையவர் என்றும் கற்றவர் என்றும் இருவகையாகக் குறிப்பர். வானியல் அட்டவணைகளையும் சட்டத் தொகுப்பையும் சதுரங்கம் முதலிய விளையாட்டுகள் பற்றிய நூலையும் உருவாக்கச் செய்தவர் அவர். ஆயினும் பேரரசர் பட்டத்துக்காகப் பல்லாண்டு முயன்று 1275இல் கைவிட்டார். 1282இல் தம் மகன் சாஞ்சோவின் கிளர்ச்சியையும் கண்டார். அவரை 'ஞானி அல்ஃபோன்ஸோ' என்றால் வரலாறு முரண்படும். 'கற்றறிந்த அல்ஃபோன்ஸோ' என்பதே பொருந்தும்.

பால்தஸார் கிராஸியான் 1647இல் வெளியிட்ட முந்நூறு மணிமொழிகளின் தொகுப்பு இச்சிக்கலை மேலும் விளக்கும். அதன் தலைப்பிலுள்ள 'ஆர்தே தெ ப்ருதென்ஸியா' என்பதை 1892இல் ஜோசப் ஜேக்கப்ஸ் ஆங்கிலத்தில் உலகியல் ஞானக் கலை என்னும் பொருள்படப் பெயர்த்தார். ப்ருதென்ஸியா ஞானம் அன்று. காலமும் இடமும் ஆளும் அறிந்து நடக்கும் முன்னறிவு அது. 'ஞானம்' என்னும் சொல் தமிழில் சமயத்தின் சாயலோடு வரும். துறவியின் உணர்வை அது தரும். ஏசு சபைத் துறவியே ஆயினும் கிராஸியான் அந்நூலில் பேசுவது அரண்மனையிலும் அங்காடியிலும் பிழைத்திருக்கும் வழியையே. 'விவேகம்' அதற்கு ஏற்ற சொல். 'தெரிந்துசெயல்வகை' என்னும் குறள் அதிகாரப் பெயர் அதன் முழுப்பொருளையும் காட்டும். தெரிதல் என்பது அறிதலும் தேர்தலும் ஆகிய இருபொருள் உடையது. ப்ருதென்ஸியாவும் அவ்வாறு அறிந்து தேர்வதே ஆகும்.

கையின் சொற்கள்

திறனைக் குறிக்கும் ஸ்பானியப் பெயர்களுள் அபிலிதாத் பொதுச்சொல்; 'திறன்' என்பது அதற்குப் போதும். தெஸ்த்ரேஸா சிறப்புச்சொல். வலக்கை என்னும் பொருளுடைய தியெஸ்த்ரோ என்பதன் வழிவந்தமையால் அதில் கையும் பயிற்சியும் உள்ளன. ஹெரோனிமோ தெ கர்ரான்ஸா 1582இல் வெளியிட்ட வாட்போர் நூல் தெஸ்த்ரேஸா என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டது. அதன்பின் ஸ்பானிய வாட்கலை மரபுக்கே அது பெயராயிற்று. 'கைதேர்ந்தவர்', 'கைத்திறம்' என்னும் தமிழ் வழக்குகள் இதற்கு நேரானவை.

மாஞா வேறுவகையானது. வலிமையைக் காட்டிலும் மாஞாவே மேல் என்னும் கருத்துடைய பழமொழி ஸ்பானியத்தில் பெருவழக்கு. இறுகிய பூட்டைத் திறப்பவரிடமும் முரண்டுபிடிக்கும் கோவேறு கழுதையை நடத்துபவரிடமும் இருப்பது அது. அதில் சிறிது தந்திரமும் உண்டு. 'திறமை' என்றால் தந்திரம் விடுபடும். 'தந்திரம்' என்றால் கைப்பழக்கம் விடுபடும். பேச்சுவழக்கிலுள்ள 'சாமர்த்தியம்', 'லாவகம்' என்பனவே இங்குத் துணைசெய்யும். வடசொல்லென்றோ பிறசொல்லென்றோ இவற்றை ஒதுக்கித் தூய சொல் ஒன்றைப் புனைவது, மூலத்தில் வீதியில் நடக்கும் சொல்லைத் தமிழில் மேடையில் ஏற்றுவதாகும்.

ஆர்தே என்பதற்குக் 'கலை' என்னும் பொருள் இன்று முந்தி நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அது விதிகளால் ஒழுங்குபடுத்திக் கற்பிக்கத்தக்க திறனைக் குறித்தது. எனவே இலக்கண நூலுக்கும் அதுவே பெயர். அலோன்ஸோ தெ மோலினா 1571இல் வெளியிட்ட மெக்ஸிகோவின் நவாத்தல் மொழி இலக்கணம் ஆர்தே என்னும் பெயருடையது. அந்நூற்றாண்டின் நடுவில் அன்றீக்கே அன்றீக்கஸ் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழிலக்கணமும் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. அத்தலைப்பை மலபார் மொழியின் கலை எனப் பெயர்ப்போர் ஓர் இலக்கண நூலை அழகியல் நூலாக்கிவிடுவர். ஐபீரிய மொழிகளின் அறிவுச் சொற்களை ஆராய்வது தமிழியலின் சொந்த வரலாற்றுக்கும் தேவை என்பதை இது காட்டுகிறது.

ஸோர் ஹுவானாவின் வினா

இதுகாறும் தமிழ் பகுப்பதை ஆங்கிலம் கலப்பதே சிக்கலாக இருந்தது. இதற்கு மறுதலையான இடமும் உண்டு. ஸ்பானியம் வேண்டுமென்றே கலந்துவைத்ததைத் தமிழ் பிரித்துவிடும் இடம் அது.

மெக்ஸிகோவின் துறவி ஸோர் ஹுவானா இனேஸ் தெ லா க்ருஸ் 1691இல் எழுதிய மறுமொழிக் கடிதம் பெண்கல்விக்கான வாதமாகப் புகழ்பெற்றது. ஒரு சமயப் பேருரையைத் திறனாய்ந்து அவர் எழுதியதை 1690இல் புவெப்லா ஆயர் பதிப்பித்து, ஸோர் ஃபிலோதேயா என்னும் பெண்துறவியின் பெயருக்குள் மறைந்துகொண்டு அவருக்கு அறிவுரையும் கூறினார். அதற்கே இம்மறுமொழி. அறிவை மிகுதியாகப் பெறுவதற்காக அன்று, அறியாமையைக் குறைத்துக்கொள்ளவே தாம் கற்பதாக அவர் அதில் கூறுகிறார். முட்டை பொரிக்கையிலும் சர்க்கரை கரைக்கையிலும் கண்ட இயற்கை உண்மைகளைச் சொல்லி, சமையலறை மெய்யியல்களைத் தவிரப் பெண்களாகிய தாங்கள் எதனை அறியக்கூடும் என வினவுகிறார். அவ்வினாவில் பொதேர், ஸபேர் ஆகிய இரு வினைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பொதேர் ஆற்றலையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். பெண்களால் எதனை அறிய முடியும் என்பது ஒரு பொருள். பெண்கள் எதனை அறியலாம் என்பது மற்றொரு பொருள். முதற்பொருளில் ஆயர் விரும்பும் பணிவு உள்ளது. இரண்டாம் பொருளில் ஆயரையே குற்றம்சாட்டும் கூர்மை உள்ளது. இரண்டும் ஒரே வினையில் அடங்கியிருப்பதாலேயே அவர் பாதுகாப்பாகப் பேசவும் துணிந்து பேசவும் முடிந்தது. தமிழில் 'முடியும்' என எழுதினால் அவர் பணிந்துவிடுவார். 'அறியலாம்' என எழுதினால் மறைவின்றி வழக்காடுவார். எது எழுதினும் அவருடைய குரலில் பாதி போய்விடும்.

இவ்விடத்தில் 'கூடும்' என்னும் வினை கருதத்தக்கது. 'கூடும்' என்பது இயலுதலைக் குறிக்கும். அதன் எதிர்மறையாகிய 'கூடாது' தடையைக் குறிக்கும். ஒரே சொல்லின் உடன்பாட்டில் ஆற்றலும் எதிர்மறையில் விலக்கும் உறைகின்றன. 'பெண்களாகிய எமக்கு அறியக்கூடுவது யாது' என்னும் அமைப்பில், இயல்வது எது என்னும் பொருளோடு கூடாது எனத் தடுத்தவர் யார் என்னும் குறிப்பும் கேட்கும். ஸோர் ஹுவானா 1695இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம் நூல்களைக் கைவிட்டார். அவர் அறியமுடியாதவர் ஆனதால் அன்று, அறியக்கூடாதவர் ஆக்கப்பட்டதால் என்பதே பலர் கருத்து. அவ்வரலாற்றைச் சுமக்கும் வினையைத் தேர்வது வெறும் சொல்நயம் ஆகாது.

முடிவுரை

ஸ்பானியத்தின் அறிவு, திறன் குறித்த சொற்களைத் தமிழாக்குவதில் மூன்று நிலைகள் உள்ளமை மேற்கண்டவற்றால் புலனாகிறது. இரு மொழிகளும் ஒருங்கே பகுக்கும் இடங்களில் தமிழின் அன்றாட வழக்கே போதுமானது. ஆங்கிலத்தின் பொதுச்சொல்லை மறந்தாலே பாதிப் பிழை நீங்கும். ஸ்பானியப் பெயர் ஒரு காலத்தின் கொள்கையைச் சுமந்து நிற்கும் இடங்களில் உரைமரபும் வரலாறும் துணைவேண்டும். ஒரு சொல் போதாதபோது சொல்லாட்சியின் தொடர்ச்சி அதனை நிறைவுசெய்யும். ஸ்பானியம் ஒருங்கே வைத்ததைத் தமிழ் பிரிக்கும் இடங்களில், பிரியாத பழைய வினையைத் தேடிக் காணவேண்டும்.

இம்மூன்றுக்கும் மூலமொழிப் பயிற்சி இன்றியமையாதது. அப்பயிற்சி கைகூடும்வரை, ஆங்கிலத்தில் அறிதல் வினையோ இயலுதல் வினையோ வரும் ஒவ்வோரிடத்திலும் மூலத்தில் உள்ளது எது என வினவி உறுதிசெய்துகொள்வதையேனும் மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளர்களும் மேற்கொள்ளுதல் வேண்டும். கரையில் நின்றவருக்கு நீந்தத் தெரியவில்லையா, நீந்த முடியவில்லையா என்பதை அவ்வினா ஒன்றே தீர்த்துவைக்கும்.